முப்பது நாளில் பத்துக் கிலோ: தராசு சொல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "முப்பது நாளில் பத்துக் கிலோ குறையுங்கள்" என்ற விளம்பரம் இப்போது முகநூலில் வருகிறது, பஸ் தரிப்பிடச் சுவர்களில் ஒட்டப்படுகிறது, பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பகுதிக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதை நம்பிக் காசு கட்டுகிறவர்களில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு, பிள்ளை பெற்ற பிறகு வயிறு வற்றவில்லையே என்று கவலைப்படும் தாய்மாரும் உண்டு, கிளினிக்கில் "நிறையைக் குறையுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட ஐம்பது வயதுக்காரரும் உண்டு. நிறை குறைப்பது நல்ல காரியம்தான். ஆனால் எதைக் குறைக்கப் போகிறோம், எத்தனை நாளில் என்று தெரியாமல் தொடங்கினால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும்.

கணக்கைப் பார்ப்போம். உடம்பிலுள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பது நாளால் பிரித்தால் நாளொன்றுக்கு 2560க்கு மேல். 66 கிலோ நிறை, 155 செ.மீ. உயரம், 38 வயது, நாள் முழுக்கத் தையல் மெசினில் இருந்து வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே 1800 கலோரி அளவுதான். மாதம் முழுக்க ஒரு பருக்கை சோறு தொடாமல் கிடந்தாலும் கணக்கு ஏழு கிலோவோடு நின்றுவிடும். பத்து வராது.

"ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த இன்னாருக்குத் தராசில் குறைந்ததே" என்பார்கள். குறைந்திருக்கும். ஈரலிலும் தசைகளிலும் 400, 500 கிராம் அளவுக்கு மாச்சத்து சேமிப்பாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் பாணையும் திடீரென்று நிறுத்தினால் முதல் வாரத்திலேயே இந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரோடு சேர்த்து ஒன்றரை இரண்டு கிலோ போய்விடும். மறுபடி சோறு சாப்பிட்ட இரண்டாம் நாள் அது அப்படியே திரும்பி வரும்.

அதைவிடக் கவலையான பகுதி தசை. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். அதனால் ஒரு கிலோ தசையில் 1800 கலோரிக்குக் கிட்டத்தான் சக்தி இருக்கிறது. அதாவது அதே அளவு பட்டினிக்கு ஒரு கிலோ கொழுப்பு போகும் நேரத்தில் நாலு கிலோ தசை போகலாம். தராசு வேகமாக இறங்கினால் சந்தோஷப்படுகிறோம். உண்மையில் வேகமாக இறங்குகிற தராசுதான் தசை போவதற்கான முதல் அடையாளம். பயிற்சி ஒன்றும் இல்லாமல் வெறும் பத்தியத்தால் குறைகிற நிறையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத உடம்பிலிருந்து போகிறது. சாப்பாட்டை மிகக் கடுமையாகக் குறைத்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். பிறகு நிறை திரும்பி வரும்போது பெரும்பாலும் தசையாக வராது, கொழுப்பாகவே வரும். மூன்று தரம் இப்படி இறங்கி ஏறினவரின் தராசு பழைய இலக்கத்திலேயே நிற்கும். ஆனால் இடுப்பு பெருத்திருக்கும், கால் மெலிந்திருக்கும்.

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் தசை என்பது அழகுக்கு வைத்திருக்கிற பொருள் அல்ல. நெல் மூட்டை தூக்குவதும், வலை இழுப்பதும், வரம்பு வெட்டுவதும் அதனால்தான். இன்னொரு பக்கம், உடம்பு வேலை பத்து இருபது வருடத்துக்குள் எவ்வளவு குறைந்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கிணற்றில் அள்ளின இடத்தில் மோட்டார், சைக்கிள் நின்ற இடத்தில் மோட்டார் சைக்கிள், நெற்கதிர் வெட்டின கையின் இடத்தில் வெட்டு மெசின். வேலை போய்விட்டது, வயல் வேலைக்குப் பழகின சோற்றுக் கோப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் உடம்பு இங்கே ஆணிலும் பெண்ணிலும் சாதாரணமாகிவிட்டது. தெற்காசியருக்கு இதில் ஒரு பிறவிப் பாதகமும் உண்டு: அதே உயரம், அதே நிறையுள்ள ஐரோப்பியரைவிட நம் உடம்பில் தசை குறைவு, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு கூட. அதனால்தான் நமக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று கீழே வைத்திருக்கிறார்கள். உடல் நிறைச் சுட்டியிலும் (BMI, கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் பிரித்த எண்) ஆசியருக்குக் கவனம் தொடங்கும் இடம் 25 அல்ல, 23. இந்த எல்லையைத் தாண்டினவர் தராசில் "மெல்லிய ஆள்"தான் என்றாலும் சீனி, பிறசர், கொலஸ்ரோல் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இலக்கு. கிழமைக்கு உடல் நிறையின் அரை வீதம் முதல் ஒரு வீதம் வரை, அதற்கு மேல் வேண்டாம். நல்ல பருமனானவர் ஒரு வீதத்துக்குக் கிட்டப் போகலாம். சற்றே வயிறு வைத்தவர் அரை வீதத்தோடு நிற்பதுதான் தசைக்குப் பாதுகாப்பு. மேலே சொன்ன 66 கிலோப் பெண்ணுக்கு அரை வீதம் என்றால் கிழமைக்கு 330 கிராம், பன்னிரண்டு கிழமையில் 4 கிலோ. நாலு கிலோவுக்கான 30,800 கலோரியை 84 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 367. உடம்பு மெல்ல மெல்லச் செலவைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் 400 என்று வைத்துக்கொள்வோம். 1800இல் 400 போக 1400 கலோரிச் சாப்பாடு. பன்னிரண்டு கிழமை முடிவில் அவர் கொப்பியில் எழுதவேண்டிய இலக்கு இப்படி இருக்கும்: நிறை 62க்கும் 63க்கும் இடையில், இடுப்பு 3 முதல் 5 செ.மீ. குறைவு, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பும் எண்ணிக்கையும் பயிற்சிக்குத் தூக்குகிற மணல் கானின் பாரமும் தொடங்கின நாளைவிடக் குறையவில்லை. இந்த மூன்றாவது வரி இல்லாத இலக்கு அரைகுறை இலக்கு.

நாலு கிலோ என்றால் முகம் சுருங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: தொடக்க நிறையில் ஐந்து வீதம் குறைந்தாலே இரத்தச் சீனியிலும் பிறசரிலும் அளந்து பார்க்கக்கூடிய முன்னேற்றம் வரும். ஆறு மாதத்தில் ஐந்து முதல் பத்து வீதம் என்பது வைத்தியர்களே நல்ல பலன் என்று ஏற்றுக்கொள்ளும் அளவு.

பயிற்சிக்குப் புதியவர், நெடுநாள் விட்டுத் திரும்பத் தொடங்கினவர், கொழுப்பு நிறைய உள்ளவர் ஆகிய மூவருக்கும் கொழுப்புக் குறையும்போதே தசை கொஞ்சம் வளரவும் இடம் உண்டு. அப்படியானவரின் தராசு மூன்று கிழமை அசையாமல் நிற்க, பெல்ட் ஒரு துளை உள்ளே போகும். ஏற்கெனவே இறுகிய உடம்புள்ள விளையாட்டு வீரருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் இருக்கிற தசையைக் காப்பாற்றினாலே வெற்றி.

எப்போது தொடங்குவது என்பதும் இலக்கின் ஒரு பகுதி. காலபோக (மழைக்கால) நெல் விதைப்புக் காலத்திலும், கதிர் முற்றி யானைக்காவலுக்கு இரவிரவாகப் பரணில் இருக்கும் கிழமைகளிலும், அறுவடை நாட்களிலும் பத்தியம் தொடங்க வேண்டாம். வேலைப் பாரம், நித்திரைக் குறைவு, நேரம் தப்பின சாப்பாடு மூன்றும் சேர்ந்து தசையைத்தான் தின்னும். அறுவடை முடிந்து நெல் காய்ந்த பிறகு, மாசிக் கடைசி அல்லது பங்குனியில் தொடங்குவது சரி. அப்போதுதான் உடம்பு வேலை சட்டென்று நிற்கிறது, நிறை ஏறத் தொடங்குவதும் அப்போதுதான். சித்திரை வருடப்பிறப்பும் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலும் இந்தப் பன்னிரண்டு கிழமைக்குள் வரலாம். அந்த நாட்களை "தோற்ற நாள்" என்று எண்ணாமல், நிறையைக் கூட்டாமலும் குறைக்காமலும் வைத்திருக்கும் நாட்கள் என்று முன்கூட்டியே குறித்துவிட்டால், பொங்கலுக்கு மறுநாள் மனம் உடைந்து விட்டுவிடுகிற கதை நடக்காது.

அளக்கும் முறையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் மலசலம் கழித்த பிறகு, எதுவும் குடிக்க முன், அதே தராசு, அதே சீமெந்துத் தரை. ஏழு நாள் இலக்கத்தையும் கூட்டி ஏழால் பிரித்து, கிழமைச் சராசரியைப் போன கிழமைச் சராசரியோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும். அது உப்பு பிடித்த தண்ணீர். பெண்கள் மாதவிடாய்க்கு முந்தின கிழமையைப் போன மாதத்தின் அதே கிழமையோடு ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வீண் கவலை. இடுப்பை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட நிலையில், அளவுநாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். நாடா இல்லாதவர் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தாலும் போதும். காலால் ஏறி நின்றதும் கொழுப்பு வீதம், தசை வீதம் எல்லாம் காட்டும் மெசின்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தண்ணீர் குடித்ததற்கும் குடிக்காததற்கும் அவை வேறு வேறு விடை சொல்லும்.

சாப்பாட்டில் சோற்றை நிறுத்து என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற மண் இது. இங்கே ஒருவரிடம் சோற்றை விடு என்று சொல்வது லேசான சொல் அல்ல, தேவையான சொல்லும் அல்ல. 150 கிராம் சோற்றில் 200 கலோரிதான் இருக்கிறது. அது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. பிரச்சினை, நாலு கோப்பை சோற்றுக்கு ஒரு துண்டு மீன் என்ற பங்கீட்டில் இருக்கிறது. நிறை குறைக்கும் காலத்தில் தசையைக் காக்க, அடையவேண்டிய நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் நாளாந்தம் தேவை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சாப்பாட்டை 40 வீதம் வெட்டிக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் நாலு கிழமையில் கொழுப்பை இழந்துகொண்டே ஒரு கிலோவுக்கு மேல் தசைப் பக்கம் கூடினார்கள். 1.2 கிராம் எடுத்தவர்களுக்குக் கூடவில்லை, ஆனால் இருந்த தசையும் போகவில்லை. அவர்களுக்குச் சாப்பாடு அளந்து கொடுக்கப்பட்டது, கிழமைக்கு ஆறு நாள் பயிற்சி. அதை வீட்டில் அப்படியே செய்யக் கூடாது. ஆனால் புரதமும் பயிற்சியும் சேர்ந்தால் தசை நிற்கும் என்பதற்கு அது போதிய சான்று.

நமது பெண்ணின் கடைசி இலக்கு 60 கிலோ என்றால் அவருக்கு 72 முதல் 96 கிராம், நடுவில் 85 என்று பிடிப்போம். காலையில் இரண்டு அவித்த முட்டை (12 கிராம் புரதம்), ஒரு கோப்பை அவித்த கௌபி (12 கிராம்), மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பூ. மத்தியானம் ஒரு கோப்பை சோறு, முள் நீக்கி 150 கிராம் வரும் மீன் (30 கிராம்), அரைக் கோப்பைப் பருப்பு (9 கிராம்), முருங்கையிலையோ வல்லாரையோ ஒரு பெரிய பிடி, ஒரு மரக்கறி. பின்னேரம் சீனி இல்லாமல் ஒரு பால்தேத்தண்ணி (4 கிராம்). இரவு மூன்று இடியப்பம், 30 கிராம் உலர்ந்த சோயா மீட்டைக் கறியாக்கி (15 கிராம்), தண்ணிச் சொதி. சோற்றிலும் இடியப்பத்திலும் வரும் நாலைந்து கிராமையும் சேர்த்தால் 85 கடந்துவிடும், கலோரி 1400ஐச் சுற்றி நிற்கும். இதில் கடையில் டின்னில் விற்கும் புரத மா ஒன்றும் இல்லை. குளத்து மீன் கிடைக்கிற ஊர்களில் திலாப்பியாவை மலிவு மீன் என்று ஒதுக்குகிறார்கள். புரதத்தில் அது பாரைக்குக் குறைந்ததல்ல.

காலையில் புட்டும் சம்பலும் மட்டும் சாப்பிடுகிற வீடுகளில் புரதம் மத்தியானம் வரை எட்டிப் பார்ப்பதில்லை. புட்டை விடத் தேவையில்லை. மாவில் மூன்றில் ஒரு பங்கு வறுத்த உளுத்தம்மாவாக இருக்கட்டும். 100 கிராம் மாவுக்கு 7 கிராமாக இருந்த புரதம் 13 ஆகிவிடும். தேங்காய்ப்பூவைப் பாதியாக்கி, பக்கத்தில் ஒரு முட்டை அல்லது கடலைக்கறி வைத்தால் அது நல்ல காலைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமைச் சைவமும் விரத நாட்களும் இதே போலத்தான்: அன்றைக்குச் சோயா, பயறு, கௌபி, தயிர் முன்கூட்டி ஒழுங்கு செய்யப்பட்டிருக்க வேண்டும். கந்தசஷ்டி போல ஆறு நாள் கடும் உபவாசம் பிடிப்பவர்கள் அந்தக் கிழமைத் தராசு இலக்கத்தை கொப்பியில் எழுதவே வேண்டாம். பயிற்சியையும் பாதியாக்கி, பாறணைக்குப் பிறகு வழமைக்குத் திரும்பட்டும்.

கலோரி ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி என்றால் அதுவே 250 கலோரிக்கு மேல். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் 120. நூறு கிராம் தேங்காய்ப்பூ 350. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்தில் எத்தனை போத்தல் எண்ணெய் முடிகிறது என்று எண்ணி, தலைக்குப் பிரித்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். முதற்பால் விட்ட கறி நாளுக்கு ஒன்று போதும், மற்றவை இரண்டாம் பாலில் இறங்கட்டும். 180 மி.லி. சாராயத்தில் 330 கலோரி, கடிக்க எடுக்கும் பொரியல் தனி. சோற்றில் கை வைக்க முன் இந்த மூன்றில், அதாவது சீனி, எண்ணெய், குடியில் கை வைத்தால் 400 கலோரி அனேகருக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் தசையைக் காக்காது. தசைக்குப் பாரம் வேண்டும், "இது இன்னும் தேவைப்படுகிறது" என்ற செய்தி உடம்புக்குப் போக வேண்டும். கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டு, 40 நிமிடம் போதும். ஜிம் இல்லாத ஊரில் ஐந்து லீற்றர்க் கானுக்குக் காய்ந்த மணல் நிரப்பினால் எட்டுக் கிலோ, ஒன்றரை லீற்றர்ப் போத்தலுக்கு நிரப்பினால் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட. உரப்பையை இரட்டையாக்கி மணல் கட்டினால் வேண்டிய பாரம். கதிரையில் இருந்து எழும்புதல், அது லேசானதும் கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குந்தி எழும்புதல். சுவரில் தண்டால், பிறகு கட்டில் விளிம்பில், பிறகு தரையில். குனிந்து முதுகை நேராக வைத்து கானை இடுப்புக்கு இழுத்தல், கிணற்றுக் கயிறு இழுத்ததுபோல. முழங்காலைச் சற்று மடித்து இடுப்பை மடக்கி உரப்பையைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்தல். தலைக்கு மேல் தள்ளுதல். ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தரம், சுற்றுகளுக்கு இடையே ஒன்றரை இரண்டு நிமிட ஓய்வு. "இன்னும் இரண்டு தரம் செய்யலாம், மூன்றாவது வராது" என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். மூன்று சுற்றிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த நாள் பாரத்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுத வேண்டும். கொப்பி இல்லாமல் தசை நின்றதா போனதா என்று சொல்ல வழியே இல்லை.

ஜிம்முக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, கொழுப்புக் குறைக்கத் தொடங்கியதும் பாரத்தைக் குறைத்து முப்பது நாற்பது தரம் செய்வது. அப்படிச் செய்வதால் வியர்க்கும், களைக்கும், ஆனால் பழைய பாரத்தைத் தூக்கத் தேவைப்பட்ட தசைக்கு வேலை இல்லாமல் போகும். களைப்புக் கூடினால் சுற்றுகளை மூன்றிலிருந்து இரண்டாக்குங்கள், பாரத்தை விடாதீர்கள். வயிற்றுப் பயிற்சி நூறு செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்பதும் தவறு. கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓடுவது தண்ணீரை மட்டும் குறைக்கும், ஆளை மயக்கி விழுத்தவும் செய்யும். நடை நல்லது, தினமும் நடக்கட்டும். அரை மணி வேக நடை 130, 150 கலோரி. வழியில் இரண்டு வடையும் ஒரு சீனித் தேத்தண்ணியும் எடுத்தால் அது திரும்பி வந்துவிடும் என்று தெரிந்து நடக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்பின், அல்லது வெயில் தாழ்ந்து ஐந்துக்குப் பிறகு.

நித்திரையை யாரும் பத்தியத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சிக்காகோ பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பத்துப் பேர் ஒரே அளவு குறைந்த சாப்பாட்டில் இரண்டு கிழமை எட்டரை மணி நேரப் படுக்கையிலும், வேறு இரண்டு கிழமை ஐந்தரை மணி நேரப் படுக்கையிலும் வைக்கப்பட்டார்கள். இரண்டு தடவையும் குறைந்த நிறை ஒன்றுதான், மூன்று கிலோவுக்குக் கிட்ட. ஆனால் நன்றாகப் படுத்த காலத்தில் அதில் 1.4 கிலோ கொழுப்பு, நித்திரை குறைந்த காலத்தில் 0.6 கிலோதான் கொழுப்பு. மீதி எங்கிருந்து போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரவு முறை வேலை செய்கிறவர்கள் பகலில் ஏழு மணி நேரம் இருட்டறையில் படுக்க முடியாவிட்டால், இலக்கைக் கிழமைக்கு அரை வீதத்துக்கும் கீழே வைப்பதே நல்லது.

ஆறாம் ஏழாம் கிழமையில் தராசு நின்றுவிடும். அனேகமாக எல்லாருக்கும் நடப்பது இது. இரண்டு கிழமைச் சராசரியும் இடுப்பும் சேர்ந்து அசையாவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள். முதலில் எண்ணெய்க் கரண்டியும் சீனியும் மெல்லத் திரும்பி வந்துவிட்டனவா என்று பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் பிடிபடும். அப்படி இல்லையென்றால் நாளுக்கு 100, 150 கலோரி, அதாவது அரைக் கோப்பை சோறும் ஒரு சிறு கரண்டி எண்ணெயும், மட்டும் குறையுங்கள். மாறாக, நிறை கிழமைக்கு ஒரு வீதத்தைத் தாண்டி இறங்கினால், கொப்பியில் பன்னிரண்டாக இருந்த எண்ணிக்கை இரண்டு கிழமையாக எட்டு ஒன்பதுக்கு வந்தால், தலைமயிர் கொட்டினால், மாதவிடாய் தப்பினால், உடனே 200 கலோரி கூட்ட வேண்டும். மிக வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் ஆபத்தும் உண்டு. பன்னிரண்டு கிழமை முடிந்ததும் இரண்டு கிழமை நிறையை அப்படியே வைத்திருந்து, பிறகு தேவையென்றால் அடுத்த பன்னிரண்டு.

சிலருக்கு இந்தக் கணக்கை அப்படியே கொடுக்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர் புரதத்தைக் கூட்டக் கூடாது. வவுனியா மாவட்டம் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பதிவான மாவட்டங்களில் ஒன்று. நோய் முற்றும்வரை அறிகுறி தெரியாது. ஆகவே அப்பகுதியில் உள்ளவர்கள், விசேடமாக விவசாயிகள், தொடங்க முன் இரத்தத்தில் கிரியற்றினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிட வேண்டும். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ, கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர் சோற்றைக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு விழலாம். கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திய பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது உரியதல்ல.

போரில் அவயவம் இழந்தவர்களைப் பற்றி எந்த உடற்பயிற்சி விளம்பரமும் பேசுவதில்லை. எங்கள் பகுதியில் அவர்களை விட்டுவிட்டு நிறையைப் பற்றிப் பேச முடியாது. முழங்காலுக்குக் கீழ் ஒரு காலை இழந்தவரின் உடம்பில் ஏறத்தாழ ஆறு வீதம் இல்லை. தராசில் 70 கிலோ காட்டினால் அதை 0.94ஆல் பிரிக்க வேண்டும். அவருடைய உடல் நிறைச் சுட்டியைக் கணிக்கவேண்டிய நிறை 74.5 கிலோ. இதைச் செய்யாததால் "உங்களுக்கு நிறை சரி" என்று தவறாகச் சொல்லப்படுகிறது. செயற்கைக் காலோடு நடப்பதற்கு வழமையைவிடக் கூடுதல் சக்தி செலவாகும். எஞ்சிய தொடையும் இடுப்பும்தான் அந்த நடையைத் தாங்குகின்றன, ஆகவே அந்தத் தசையை இழக்க அவரால் முடியாது. நிறை குறையும்போது எஞ்சிய காலின் சுற்றளவும் குறைந்து அது பொருந்தும் செயற்கைக் காலின் கிண்ணம் தளரும். தளர்ந்த கிண்ணத்தோடு நடந்தால் தோல் உரஞ்சிப் புண் வரும். இரண்டு மூன்று கிலோ குறைந்ததும் எஞ்சிய காலில் போடும் உறையை ஒன்று கூட்டிப் போட்டுப் பார்த்து, அதற்கும் தளர்வாக இருந்தால் கால் செய்து கொடுத்த நிலையத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ள வேண்டும். ஊன்றுகோல், சக்கர நாற்காலி பாவிப்பவர்களுக்குத் தோள் மூட்டு ஏற்கெனவே நாள் முழுக்க வேலை செய்கிறது. தலைக்கு மேல் தள்ளும் பயிற்சியைக் குறைத்து, இழுக்கும் பயிற்சியைக் கூட்டுவது அவர்களுக்குப் பொருத்தம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நாள் எண்ணிக்கையும் கிலோ எண்ணிக்கையும் சேர்த்து உறுதி கொடுக்கும் நிறைகுறைப்பு விளம்பரங்களைப் பிரசுரிக்க முன், குறையப்போவது என்ன, இடுப்பையும் பலத்தையும் எப்படி அளப்பீர்கள், மருந்து எடுப்பவர்களை யார் பார்ப்பார்கள் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் விடை கேளுங்கள். மற்றது, 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் நிறை, இடுப்பு, பிறசர், சீனி இலவசமாகப் பார்க்கும் பிரிவுகள் இயங்குகின்றன. வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் அவை எந்த எந்த வைத்தியசாலையில், எந்த நாளில், எத்தனை மணிக்கு என்ற விபரத்தை மாதத்துக்கு ஒருமுறை, அந்த விளம்பரங்கள் வரும் அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உடற்பயிற்சி ஆலோசகர் ஒருவர்,
கிளிநொச்சி.